ஒப்பாரியில் வந்த பெயர்

பதிவான இடம்: பாஸ்தியா நகர நீதிமன்றம், விசாரணை நீதிபதியின் அறை. நாள்: 1995 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. சம்மன் இல்லாமல் சாட்சி தானாகவே வந்து சொன்னது. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் நீதிமன்ற எழுத்தர்.

என் பெயர் சவேரியா லுச்சியானி. வயது ஐம்பத்தெட்டு. தகப்பனார் பெயர் அன்தோன் மாத்தேயு, காலமாகிவிட்டார். கோர்சிகா தீவில் பியெத்ராலூங்கா கிராமத்தில் கோயிலுக்குக் கீழே இரண்டாவது வீட்டில் குடியிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்கும் தபால் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொலையுண்ட மர்த்தீனு லுச்சியானி என் உடன்பிறந்த தம்பி, என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன். இந்த வழக்கில் கைதாகிச் சிறையில் இருக்கும் பவுலு ஜெரோனிமி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பன்றி வளர்ப்பவர். அவர் எனக்கு உறவில்லை, பகையும் இல்லை. பகை இல்லை என்பதை அடிக்கோடிடச் சொன்னேன். அப்படி வழக்கமில்லை என்று எழுத்தர் சொன்னதால் இன்னொரு தடவை சொல்கிறேன். பகை இல்லை.

இதே விஷயத்தைப் போலீசாரிடம் ஏற்கனவே மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது பின்னால் வரும். வரிசையாகச் சொல்லும்படி நீதிபதி ஐயா கேட்டுக்கொண்டதால் வரிசையாகவே சொல்கிறேன்.

என் தம்பி மர்த்தீனு, இந்தத் தீவு பிரான்சிடமிருந்து விடுபட வேண்டும் என்று சொல்லும் இயக்கத்தில் பதினேழு வருடம் இருந்தான். காட்டுக்குள் முகமூடி போட்டுக்கொண்டு, பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, அறிக்கை வாசிக்கும் கூட்டங்களில் அவனும் நின்றிருக்கிறான். அதை நான் மறைக்கவில்லை. வெளியார் கடற்கரையில் கட்டிய ஓட்டல்களுக்கு இயக்கம் குண்டு வைத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு சென்ற வருடம் சமவெளிப் பக்கம் முந்நூறு அறை கொண்ட பெரிய ஓட்டல் ஒன்று எழும்பத் தொடங்கியபோது, அதற்கு மட்டும் குண்டு வைக்கவில்லை. அங்கே காவல் நின்றவர்களே இயக்கத்து ஆட்கள்தான். இது என்ன நியாயம் என்று மர்த்தீனு கேட்டான், பதில் வரவில்லை. அதன் பிறகு அவன் இயக்கத்தை விட்டு விலகி, தனக்குத் தெரிந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதி, அக்டோபர் 29 ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பதாக அறிவித்தான். அந்த அறிவிப்பை ஐந்து ஊர்களிலும் வீடு வீடாகப் போட்டது நான். அரசாங்கத் தபால் பையில் வைத்துப் போட்டேன். அது இலாகா விதிக்கு விரோதம். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அக்டோபர் 26 வியாழக்கிழமை மதியம் சான்து வெஸ்பெரீனி என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓட்டல் வேலை நடக்கும் இடத்தில் காவலுக்குப் பொறுப்பாக இருப்பவர் அவர்தான். முன்பெல்லாம் மாதம் ஒரு முறையாவது எங்கள் வீட்டில் சாப்பிடுபவர். அன்றும் நான் போட்ட பீன்ஸ் சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். அதன் பிறகு மர்த்தீனுவிடம், ஞாயிற்றுக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி வீட்டிலேயே படுத்துவிடும்படி சொன்னார். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றான் என் தம்பி. வெஸ்பெரீனி எனக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரொட்டி வண்டி வந்து கோயில் முன்னால் ஹாரன் அடித்தது. மர்த்தீனு ரொட்டி வாங்கப் போனான். நான் எங்கள் வாசலில் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவனுக்கும் இருபது அடி தூரம் இருக்கும். ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர் இறங்கி, “மர்த்தீனு, நேத்தே சொன்னேன்ல” என்றார். அதன் பிறகு மூன்று முறை சுட்டார். அந்தக் குரல் சான்து வெஸ்பெரீனியுடையது. முந்தின நாள் இன்னும் கொஞ்சம் சூப்பு கேட்ட குரலை எனக்கு அடையாளம் தெரியாமல் போகாது.

என் தம்பி கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்து குப்புறக் கிடந்தது. எங்கள் பக்கம் ரொட்டியைக் குப்புறப் போட மாட்டோம், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சுட்டவர் வண்டியில் ஏறுவதற்கு முன் குனிந்து, அந்த ரொட்டியை எடுத்து நிமிர்த்தி, கோயில் மதில் மேல் வைத்துவிட்டுப் போனார். என் தம்பி முகம் குப்புறத்தான் கிடந்தான். அவனை நான்தான் திருப்பினேன்.

அன்று மாலை போலீஸ் நிலையத்தில் இதை எல்லாம் சொன்னேன், பெயரையும் சொன்னேன். விசாரித்த அதிகாரி பெயர் வந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஏதாவது தகராறு உண்டா என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் உண்டு என்றேன். பவுலுவின் பன்றிகள் எங்கள் கஷ்கொட்டைத் தோப்பில் நுழைந்து அந்த வருடத்துக் கொட்டையை எல்லாம் தின்றுவிட்டன. மர்த்தீனு ஒரு பெண்பன்றியைப் பிடித்து எங்கள் கொட்டகையில் அடைத்துவிட்டான். பவுலு போலீசில் எழுதிக் கொடுத்தார், மர்த்தீனு பதிலுக்கு எழுதிக் கொடுத்தான். அதன் பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. அந்தப் பன்றியை வெட்டி, தொத்திறைச்சி செய்து, இரண்டு வீட்டாரும் சேர்ந்து தின்று தீர்த்தோம். தகராறை எழுதிக் கொடுத்த மடையர்களில் ஒருவருக்காவது, அது தீர்ந்ததையும் எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. பேனாவைத் திறந்து அந்த அதிகாரி எழுதிக்கொண்டது இந்தப் பன்றிக் கதையை மட்டும்தான்.

அக்டோபர் 30 அன்று இரண்டாவது முறை போனேன். அந்த அதிகாரி என்னை உட்கார வைத்து, காபி கொடுத்து, “அம்மா, அரசியல் கொலைன்னு எழுதினா கேஸ் பாரிசுக்குப் போயிடும். பக்கத்து வீட்டுப் பழின்னா இங்கேயே முடிஞ்சிரும். உங்க ஊர் வழக்கம்தானே அது?” என்றார். எங்கள் ஊர் வழக்கம் காலையில் ரொட்டி வாங்குவது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அக்டோபர் 31 அன்று அடக்கம் நடந்தது. எங்கள் பகுதிப் பாதிரியாருக்கு யாரோ போன் செய்திருந்தார்கள், அவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டது. பவுலு ஜெரோனிமி தன் பன்றித் தீவன வண்டியை எடுத்துக்கொண்டு பாஸ்தியா வரை போய், பயப்படாத ஒரு கிழட்டுப் பாதிரியாரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அதனால் அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். அவர் தாமதமாக வந்திருக்காவிட்டால் என் தம்பியை ஜெபம் இல்லாமல்தான் புதைத்திருப்போம்.

நவம்பர் 3 அன்று மூன்றாவது முறை போலீசுக்குப் போனேன். அதற்கு முந்தின நாளே ஒரு பத்திரிகைக்கு இயக்கத்திலிருந்து போன் வந்திருக்கிறது. இது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தனிப்பட்ட பகை, எங்களுக்குத் தொடர்பில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்தியை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் குண்டு வைத்துக்கொண்டிருந்த இயக்கமும் அரசாங்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம் எங்கள் பன்றிதான்.

நவம்பர் 9 வியாழக்கிழமை பாரிசிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பொறுப்பாளர் பெயர் டெலோர்ம். மரியாதையாகப் பேசினார். நான் உள்ளே போய் என் தம்பி எழுதிய இரண்டு பக்கத்தை எடுத்துவந்து கொடுத்தேன். மேலாகப் பார்த்துவிட்டு, இது சிக்கலான விஷயம், நான்கு நிமிடத்தில் சொல்ல முடியாது என்றார். அதன் பிறகு, “உங்க பக்கம் செத்தவங்களுக்கு ஒப்பாரி பாடுவாங்களாமே, நீங்க பாடுவீங்களா?” என்று கேட்டார்.

எங்கள் ஊரில் கடைசியாக ஒப்பாரி கேட்டது என் தாயார் இறந்த 1959-ஆம் வருடத்தில். மர்த்தீனுவுக்கு நான் ஒப்பாரி வைக்கவில்லை. எனக்கு அழுகையே வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை டெலோர்மிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் ஒரு பேரம் பேசினேன். பாடுகிறேன், பதிலுக்கு அந்த இரண்டு பக்கத்தையும் கேமரா முன்னால் முழுதாக வாசிப்பேன், இரண்டையும் காட்ட வேண்டும் என்றேன். சரி என்று கை கொடுத்தார். அவர்களுக்கு வேண்டியதை நான் கொடுத்தால் எனக்கு வேண்டியதை அவர்கள் கொடுப்பார்கள் என்று நம்பினேன். இந்த வழக்கில் நடந்த குற்றங்களில் என்னுடையது இது. இதற்குத் தண்டனை சட்டத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான் தபால்காரியின் நீலக் கோட்டில் இருந்தேன். அது சரிப்படாது என்றார்கள். எனக்கு ஒத்துவரும் கறுப்பு உடை வீட்டில் இல்லை. எதிர்வீட்டில் இரவல் வாங்கி, முதுகில் பொத்தான் போட முடியாமல் ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கஷ்கொட்டை மரம் கழிக்கும் கத்தியை எடுத்து என் பின்னால் சுவரில் மாட்டினார்கள். அந்தக் கத்தி எங்கள் வீட்டுச் சுவரில் அதுவரை ஒரு நாளும் தொங்கியதில்லை. நாற்காலி போதாததால் பவுலு தன் வீட்டிலிருந்து நான்கு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து, தானும் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து அப்படியே எழுத வேண்டும். எங்கள் ஊர் ஒப்பாரியில் கொன்றவன் பெயர் வராது. அவன் பெயரைப் பிணத்தின் முன்னால் சொல்வது அவனுக்கு மரியாதை கொடுத்ததாக ஆகிவிடும். ஒப்பாரியில் திட்டு வாங்குவது அடக்கத்துக்குத் தாமதமாக வந்தவர். அவரை வாய்க்கு வந்தபடி வைய வேண்டும், அவர் தலை குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு துக்கச் சாப்பாட்டில் முதல் தட்டு அவருக்கு. நெருங்கியவரை மட்டும்தான் அப்படி வைவார்கள், அந்நியரை வைய மாட்டார்கள். என் தாயார் சாவில் வசவு வாங்கியவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

யார் பெயரைப் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பவுலு, “என்னக்கா முழிக்கிற? லேட்டா வந்தது நான்தானே, என்னையே வை. அப்புறம் முதல் தட்டை மறந்துடாதே” என்றார். அறையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். என் தம்பி செத்துப் பதிமூன்று நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். நான் பாடினேன். எங்கள் மொழியில் பாடியதன் அர்த்தம் இது:

சூப்பு ஆறிப்போன பிறகு வந்தவனே, பவுலு,
உன் செருப்பில் ஒட்டியது சேறா, என் தம்பி இரத்தமா?
நீ வந்த வழியில் புல் முளைக்காமல் போக,
உன் வீட்டு அடுப்பில் பூனை உறங்க.

பவுலு தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்து சிரித்தார். பிறகு அழுதார். எல்லாம் கேமராவில் பதிவானது. அதன் பிறகு என் தம்பி எழுதிய இரண்டு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அப்போதும் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கிளம்பும்போது, மறுபடி படிக்கத் தேவைப்படும் என்று அந்த இரண்டு பக்கத்தையும் டெலோர்ம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். என்னிடம் நகல் இல்லை.

நவம்பர் 19 ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பானது. பவுலு வீட்டில்தான் பார்த்தோம். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் ஆடும். தலைப்பு ‘இரத்தத்துக்கு இரத்தம்’ என்று வந்தது. இந்த மலைகளில் காலம் நின்றுவிட்டது என்றார் டெலோர்ம். அப்போது கத்தியைக் காட்டினார்கள். அதன் பிறகு நான் பாடினேன். கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது: பவுலு, உன் செருப்பில் இருப்பது என் தம்பியின் இரத்தம். நான் கேள்வியாகப் பாடியது அங்கே தீர்ப்பாக வந்தது. சிரிப்பு இல்லை, முதல் தட்டு இல்லை. பவுலு தலையைக் குனிந்த இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தை மட்டும் நீண்ட நேரம் காட்டினார்கள். ஓட்டலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் தம்பி பதினேழு வருடம் எதற்காக இருந்தான், எதற்காக விலகினான் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பவுலுவின் மனைவி நுன்சியா எழுந்து பெட்டியை அணைத்தார். பவுலு, “நம்ம மூஞ்சி டி.வி.க்கு ஒத்துவரலைக்கா” என்றார்.

நவம்பர் 23 அன்று காலை ஆறு மணிக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நுன்சியா எனக்குக் கதவைத் திறப்பதில்லை. அவர்கள் வீட்டுத் தபாலைத் தினமும் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வருகிறேன். சிறையிலிருந்து வரும் கடிதத்தையும் நான்தான் தள்ளுகிறேன். பவுலு பதினான்கு நாளாகச் சிறையில் சாப்பாட்டைத் தொடவில்லை. மர்த்தீனுவை அவர் கொன்றதாக ஊர் நம்பினால் அதன் பிறகு சோறு எதற்கு என்று சொல்கிறாராம். இதை அவருடைய வக்கீல் சொன்னார். இன்னும் ஒரு வாரம் தாங்குவார் என்று சிறை டாக்டர் சொன்னாராம். ஒரு வாரம் என்றால் என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் சம்மனுக்குக் காத்திராமல் இன்று பஸ் ஏறி வந்தேன்.

அந்த வக்கீல் போலீஸ் பதிவுகளையும் எனக்குக் காட்டினார். மூன்றிலும் பன்றித் தகராறு இருக்கிறது. மூன்றிலும் கீழே ஒரே வாக்கியம் இருக்கிறது: ‘சாட்சி மேற்கொண்டு எதுவும் சொல்ல மறுத்தார், இப்பகுதி மக்களின் வழக்கமான மௌனம்.’ என் கையெழுத்து அந்த வாக்கியத்துக்கும் கீழே இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது அந்த வாக்கியம் இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாள்தான் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் வாயாடி என்று ஐந்து ஊரிலும் பெயர் வாங்கியவள் நான். என்னை ஊமை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒப்பாரியில் பெயர் சொன்னது நீங்களே அல்லவா, இப்போது பயந்துபோய் மாற்றிச் சொல்கிறீர்களோ என்று நீதிபதி ஐயா கேட்டார். பயம் உண்டு என்றேன். நவம்பர் 20 காலை எனக்கு ஒரு போன் வந்தது. பேசிய குரல், “டி.வி.ல நல்லா பாடினீங்க. அந்தப் பாட்டோட நிறுத்திக்குங்க” என்றது. அதுவும் சூப்பு கேட்ட குரல்தான். நான் இன்று மாற்றிச் சொல்லவில்லை. அக்டோபர் 27 மாலை சொன்னதைத்தான் நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

வெட்டி எறியப்பட்ட படச்சுருளைத் தொலைக்காட்சியிடமிருந்து வரவழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கடிதம் எழுதினேன். ஒளிபரப்பாத பகுதிகளை வைத்துக்கொள்வதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நீதிமன்றம் கேட்டால் ஒருவேளை கிடைக்கலாம். அதில் பவுலு சிரிப்பது இருக்கிறது. கொலை செய்தவன், செத்தவன் வீட்டில் தன் பெயரைப் பாட்டில் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரிப்பானா என்பதை நீதிபதி ஐயாவே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். படச்சுருள் இல்லை என்றால் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். பெயர்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் ஒருவரும் தானாக வரமாட்டார்கள். அவர்களிடம் எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கவும்.

என் தம்பி மர்த்தீனுவைச் சுட்டவர் சான்து வெஸ்பெரீனி. ஓட்டல் விஷயத்தை ஊர் முன்னால் வாசிக்கக் கூடாது என்பதற்காகச் சுட்டார். இதை எழுதும்போது எழுத்தர் பேனாவை மூடவில்லை என்பதை நேரில் பார்த்தேன், அவருக்கு நன்றி.

பாதுகாப்பு வேண்டுமா என்று நீதிபதி ஐயா கேட்டார். அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எனக்கு நாலு மணிக்குப் பஸ். மலைப்பாதையில் தபால் பையோடு தினமும் பதினெட்டு கிலோமீட்டர் போகிறவள் நான், என்னைத் தேடி யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஆகையால் கடைசியாக ஒன்றைப் பதிவு செய்யச் சொல்கிறேன். எனக்கு ஏதாவது நடந்தால், உடனே கேமராவோடு வந்து, பவுலுவைச் சிறைக்கு அனுப்பியதற்காக ஜெரோனிமி வீட்டார் பழி தீர்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். நுன்சியா எனக்குக் கதவைத் திறக்காததை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அது பொய். அந்த வீட்டார் என்மேல் கை வைக்க மாட்டார்கள். அன்றைக்கு மறுத்துச் சொல்ல நான் இருக்க மாட்டேன் என்பதால் இன்றைக்கே மறுத்துச் சொல்கிறேன்.

நான் சொன்னதில் கூட்டியும் குறைத்தும் எழுதப்படவில்லை. இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கடைசி வரிக்கும் என் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சவேரியா லுச்சியானி